நூல் கோக்காத தையல்

நாக்கு உண்டு, ருசி தெரியாது. கண்கள் பத்து உண்டு, பார்வை கிடையாது. ஜோடி இல்லாமல் ஒரு நாளும் வாசலைத் தாண்டாது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

பூட்ஸ் என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னீர்கள். கயிற்றுக்கு அடியில் படுத்திருக்கும் தோல்பட்டைக்கு நாக்கு என்று பெயர், கயிறு நுழையும் ஓட்டைகளுக்குக் கண் என்று பெயர். அது சுலபமான விடுகதை. இப்போது கொஞ்சம் கடினமானது ஒன்று. இரண்டு தோல் துண்டுகள் ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. நடுவில் பசை இல்லை, ஆணி இல்லை, நூல் இல்லை, ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? இதற்கு விடை எனக்கும் தெரியாது, இது நடந்த ஏரிக்கொல்லை ஊர்க்காரர்களுக்கும் தெரியாது, ஆனால் விடை தெரியாமலேயே அவர்கள் அதோடு எப்படிப் பழகிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏரிக்கொல்லை ஆம்பூரிலிருந்து உள்ளே தள்ளி, பாலாற்று மணலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அங்கே கம்பெனி பஸ்கள் வரும்; கையில் டிபன் கூடையும் தலையில் கனகாம்பரமுமாகப் பெண்கள் ஏறுவார்கள்; கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளில் பள்ளிக்கூடக் குழந்தைகள் போடும் பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கப் போவார்கள். அவர்களில் இரண்டு வகை உண்டு. பசை தடவுவது, ஓரம் மடிப்பது, துண்டுகளை எண்ணிக் கட்டுவது என்று கைவேலை செய்பவர்கள் ஹெல்பர்கள். மெஷினில் உட்கார்ந்து தைப்பவர்கள் டெய்லர்கள். டெய்லர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவர்கள் கழுத்தில் சிவப்பு ரிப்பனில் நூல் வெட்டும் குட்டிக் கத்திரி தொங்கும். பஸ் குலுங்கும்போது அது தாலியோடு உரசி டிங் டிங் என்று சத்தம் போடும்.

அந்தச் சத்தத்தைப் பதினெட்டு வருஷம் தன் வீட்டு வாசலிலிருந்து கேட்டவள் கோமளா. பதினெட்டு வருஷமும் அவள் மடியில் பீடி முறம் இருந்தது. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவாள். நாளுக்கு ஆயிரம் பீடி, ஆயிரம் முடிச்சு. அவள் புருஷன் பெங்களூரில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுட்டான், மாதம் ஒரு முறை வந்தான். மகள் இந்துஜா ஐந்தாம் வகுப்பில் படித்தாள். முப்பத்தாறு வயதில் ஒரு திங்கட்கிழமை கோமளா முறத்தைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, டிபன் கூடையை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். டெய்லர் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அன்று வேறு நினைப்பு இல்லை.

கம்பெனியின் பின்பக்கம் டிரெய்னிங் ஷெட். அங்கே கற்றுக்கொடுப்பவள் ஃபர்ஹானா, இருபத்துமூன்று வயது, கோமளாவைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். ஷெட்டுக்குள் இருக்கும்வரை கோமளா அவளை "மிஸ்" என்பாள். பஸ்ஸில் ஏறியதும் "ஏ ஃபர்ஹானா, தள்ளி உக்காரு" என்பாள். இருவருக்கும் அதில் குழப்பம் வந்ததே இல்லை.

தோல் மெஷின் வீட்டுத் தையல் மெஷின் மாதிரி இல்லை. துணியில் தப்பாகக் குத்தினால் பிரித்து நீவிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் குத்தினால் குத்தினதுதான், அந்த மாடு மறுபடி பிறந்து வந்தாலும் ஓட்டை அங்கேயே இருக்கும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தோலைக் கொடுப்பதில்லை, நூலையும் கொடுப்பதில்லை, கோடு போட்ட காகிதத்தைக் கொடுக்கிறார்கள். வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும். முதலில் நேர்கோடு, பிறகு அலை, பிறகு கட்டம், கடைசியில் கொசுவர்த்திச் சுருள். ஓட்டி முடித்ததும் ஃபர்ஹானா அந்தக் காகிதத்தை ஜன்னலுக்கு நேரே பிடிப்பாள். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகினாலும் இன்னொரு காகிதம்.

"கால்ல இன்னாக்கா, மாவா அரைக்கிறீங்க? லேசா மிதிங்க. ஊசி ஓடுற வேகத்துக்குக் கை பின்னாடியே ஓடக் கூடாது. கைதான் ஊசியக் கூட்டிக்கினு போவணும்."

"மிஸ்ஸு, என் கை பதினெட்டு வருஷமா நூலக் கூட்டிக்கினு போன கை. ஊசி அதுக்குப் புதுசு."

மற்றவர்கள் பதினெட்டு நாளில் காகிதத்தை விட்டுத் தோலுக்குப் போனார்கள். பக்கத்து மெஷின் ரெபேக்கா பதினான்கே நாளில் போய்விட்டாள், போகும்போது தன் மிச்சக் காகிதங்களைக் கோமளாவிடம் கொடுத்து, "வெச்சிக்கோக்கா, உனக்கு உதவும்" என்றாள். கோமளாவுக்குக் கொசுவர்த்தி முடிய முப்பத்தோரு நாள் ஆயிற்று. முப்பத்திரண்டாம் நாள் காலை அவள் கையில் இரண்டு கறுப்புத் தோல் துண்டுகள் வந்தன, பூட்ஸின் முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டுத் துண்டு ஒன்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோலை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை இரட்டை வரியாக ஓட்டி, எடுத்து நீட்டினாள்.

ஃபர்ஹானா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"அக்கா, நூலு எங்க?"

கோமளா மெஷினைப் பார்த்தாள். நூல் கட்டை தன் கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஊசியின் கண் காலியாக இருந்தது. முப்பத்தோரு நாள் நூலில்லாமல் ஓட்டிய பழக்கத்தில் அவள் நூல் கோக்கவே மறந்துவிட்டிருந்தாள்.

"மறந்துட்டேன் மிஸ். குடுங்க, வேற தைக்கிறேன்."

"இருங்க, இதப் பிரிச்சிக்கலாம்" என்று ஃபர்ஹானா இரண்டு துண்டுகளையும் இரண்டு கையால் இழுத்தாள். அவை வரவில்லை. ரெபேக்கா வந்து ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். துண்டுகள் நீண்டன, பிரியவில்லை.

"பசை தடவியிருக்கும் இது" என்றாள் ரெபேக்கா.

"டிரெய்னிங் ஷெட்ல பசையே கிடையாது" என்றாள் ஃபர்ஹானா. அவள் ஒழுங்கான பெண். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவாள். ரெஜிஸ்டரைத் திறந்து, கோமளாவின் பெயருக்கு நேரே, 'தையல்: சரி. நூல்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

மத்தியானம் சூப்பர்வைசர் தாமோதரன் வந்தார். அவர் எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். துண்டைச் சோதனை அறைக்குக் கொண்டுபோய், தையலின் பலத்தை இழுத்துப் பார்க்கும் மெஷினில் மாட்டினார். முள் ஏறியது, சிவப்புக் கோட்டைத் தாண்டியது, டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தோல் நடுவில் கிழிந்திருந்தது. தையல் அப்படியே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏம்மா, இன்னொண்ணு தைச்சிக் காட்டு" என்றார். கோமளா இன்னொன்று தைத்தாள். அதுவும் அப்படியே. மற்றப் பெண்களையும் நூலில்லாமல் தைக்கச் சொன்னார். அவர்கள் தைத்ததெல்லாம் கையில் எடுத்ததும் காய்ந்த சருகு மாதிரி இரண்டாக விழுந்தது.

ஒரு வாரத்தில் ஏரிக்கொல்லைக்கு இது பழைய சேதியாகிவிட்டது. காரணம் சொல்ல ஆளுக்கொரு வாய் இருந்தது. பீடி இலைக்கடைக்காரர், "பதினெட்டு வருஷம் எங் கடை இலையில வெச்ச கை, வேற எப்படி இருக்கும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு மனுஷி ஒரு ஆயுசுக்குப் போட வேண்டிய முடிச்சையெல்லாம் முன்கூட்டியே போட்டு முடித்துவிட்டாள், இனி அவளுக்கு முடிச்சு தேவையில்லை என்று அங்கன்வாடி ஆயா கணக்குச் சொன்னாள். மசூதித் தெரு பெரியவர் ஒருவர் துண்டை வாங்கித் தடவிப் பார்த்து, "பிடிச்சிருக்குதுல்ல, அப்புறம் இன்னா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு காரணம் தேடுவது குறைந்து, கையில் தோல் சாமானோடு வருவது அதிகமாயிற்று.

முதலில் பஸ் டிரைவர் தன் பர்ஸைக் கொண்டுவந்தார். பிறகு கண்டக்டரின் பை வந்தது, மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கால்பந்து வந்தது, கெங்கையம்மன் கோயில் பம்பைக்காரர் கிழிந்த வார்களோடு வந்தார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் கோமளா எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள். தோல் என்றால் பிடித்தது. துணி என்றால் வெறும் ஓட்டைதான் விழுந்தது. ரெக்சின் அரை நாள் பிடித்திருந்து, பிறகு யோசித்து விட்டுவிட்டது. கால்பந்து எத்தனை உதை வாங்கியும் பிரியவில்லை என்பதால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அதோடு ஆட மறுத்தார்கள், அது ஏரிக்கொல்லைக்குச் சாதகமான பந்தாம். பம்பை முன்னைவிட நன்றாகப் பேசுகிறது என்று பம்பைக்காரர் சொன்னார். ஆனால் எந்தப் பழுது பார்த்த பிறகும் அவர் அப்படித்தான் சொல்வார்.

கம்பெனிக்கு நூல் கொண்டுவந்து தரும் ஏஜென்ட் சேதி கேள்விப்பட்டு வந்தார். சட்டை கசங்காமல் எப்போதும் சிரித்தபடி வருகிற மனிதர், அன்று கோமளாவின் மெஷின் முன்னால், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் போனார்.

கோமளா தைத்த ஒரு ஜோடிக்கு அடிப்பாகம் போட்டு, பாலிஷ் செய்து, சாம்பிளாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அவளுக்கு ஷெட்டை விட்டுத் தனி இடம் கொடுத்தார்கள், மேலே தனி மின்விசிறி. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் ஸீட். வருகை ரெஜிஸ்டரில் டெய்லர் என்று ஒரு பத்தி, ஹெல்பர் என்று ஒரு பத்தி இருந்தது. டெஸ்ட் கொடுத்துத் தேறாதவளை டெய்லர் பத்தியில் போட முடியாது. டெஸ்டில் நூல் உண்டு. ஆகவே தாமோதரன் ஸ்கேலை வைத்து மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, மேலே 'ஸ்பெஷல்' என்று எழுதினார். அதில் ஒரே ஒரு பெயர்.

அந்த வாரம் இந்துஜா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாரம் கொண்டுவந்தாள். பெற்றோர் தொழில் என்று ஒரு வரி.

"அப்பாவுக்கு பேக்கரின்னு எழுதிட்டேன். உனக்கு இன்னா எழுதட்டும்? டெய்லரா?"

"இன்னும் டெஸ்ட் குடுக்கல."

"அப்ப ஹெல்பரா?"

"அதுவும் இல்ல. ஸ்பெஷல்."

"அப்டி ஒரு வேலையாம்மா?" என்றாள் இந்துஜா. பிள்ளை ஸ்பெஷல் என்றே எழுதிக்கொண்டு போனாள், டீச்சர் அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பினார்.

கோமளாவுக்குக் குறை ஒன்றும் இல்லை, எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் முதல் ஸீட்டில் தனியாக உட்கார்ந்து போகும்போது, பின்னால் டிங் டிங் என்று கத்திரிச் சத்தம் கேட்கும். ரெபேக்கா கழுத்திலும் இப்போது ரிப்பன் இருந்தது. "அது எப்டிக்கா வந்துது உனக்கு?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல கோமளாவிடம் ஒன்றுமில்லை. வந்தது, அவ்வளவுதான். முப்பத்தோரு நாள் காகிதத்தில் ஓட்டி ஓட்டிக் கொசுவர்த்தியை முடித்தாளே, அதைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் அவள் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள். அதை ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு புதன்கிழமை நாற்பது ஜோடிக்குத் துண்டுகள் கட்டாக வந்தன. பூட்ஸின் பக்கவாட்டுத் துண்டுகள் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் காலின் உள்பக்கம் வருவது கொஞ்சம் குட்டை, வெளிப்பக்கம் வருவது கொஞ்சம் நெட்டை. குழம்பக் கூடாது என்று குட்டைத் துண்டின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு வெட்டு இருக்கும். புதிதாக வந்த ஹெல்பர் அந்த வெட்டைப் பார்க்காமல் மாற்றிக் கட்டிவிட்டாள். கோமளாவும் பார்க்கவில்லை. நாற்பது ஜோடியையும் தைத்து முடித்தாள். மேல்தோலைக் கால் வடிவ மரக்கட்டையில் ஏற்றும் இடத்தில்தான் தெரிந்தது, குதிகால் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது.

டெய்லர்களுக்கு இது நடக்காத விஷயம் இல்லை. வரிசையாகப் பிரிப்பார்கள், மாற்றி வைத்து மறுபடி தைப்பார்கள், திட்டிக்கொண்டே சாயங்காலத்துக்குள் முடிப்பார்கள். கோமளாவின் தையலில் பிரிக்க நூல் இல்லை. பிளேடு நுழைய இடம் இல்லை. வெந்நீரில் போட்டார்கள், வெயிலில் வைத்தார்கள், தாமோதரன் ஒரு துண்டை எடுத்து அதனிடம் தனியாகப் பேசிக்கூடப் பார்த்தார். தோல் கிழிந்ததே தவிரத் தையல் விடவில்லை. உலகத்தில் எந்தக் காலுக்கும் பொருந்தாத நாற்பது ஜோடி, மேஜைமேல் குவிந்து கிடந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை. "உன்னுது ஒண்ணும் தப்பில்லம்மா, கட்டினவதான் தப்பு. உன் தையல் எப்பவும் கரெக்ட்" என்று தாமோதரன் ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டதும்தான் கோமளாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

சாயங்கால பஸ்ஸில் அவள் முதல் ஸீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய் ஃபர்ஹானா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏ ஃபர்ஹானா, இத ஒரு டெய்லர் பண்ணியிருந்தா இந்நேரம் இன்னா சொல்லியிருப்ப?"

"நல்லா திட்டியிருப்பேன். எல்லாத்தையும் பிரின்னு சொல்லியிருப்பேன்."

"எங்கிட்ட ஏன் அப்டி சொல்லல?"

ஃபர்ஹானா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பிரிக்க முடியாததப் பிரின்னு எப்டிக்கா சொல்றது? டெய்லர்னா தைக்கிறவ மட்டும் இல்ல. தப்பானா பிரிச்சி, அதே ஓட்டையில மறுபடி தைக்கத் தெரிஞ்சவ. உங்களுது தையல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க தைக்கிறீங்களா, அதுவா நடக்குதான்னு எனக்குத் தெரியல."

மறுநாள் காலை கோமளா தாமோதரனிடம் போய், தனக்கு டெஸ்ட் வைக்கச் சொன்னாள்.

"உனக்கு எதுக்கும்மா டெஸ்ட்? நீ இப்பவே டெய்லருக்கு மேல."

"மேல வேணாம் சார். டெய்லர் போதும்."

"தோத்தா ஒரு வருஷத்துக்குக் கம்பெனிப் பக்கமே வர முடியாது. ரூல் ரூல்தான், ஸ்பெஷல் பத்தியும் போயிடும். மறுபடி பீடி முறம்தான். யோசிச்சுக்கோ."

"யோசிச்சிட்டேன் சார்."

தாமோதரன் இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில், கோமளா இரண்டு வாயில் சோற்றை முடித்துவிட்டு டிரெய்னிங் ஷெட்டுக்கு ஓடினாள். ஊசியில் நூல் கோத்த முதல் நாளே தெரிந்தது, நூலோடு தைக்கும்போது அவள் மற்ற எல்லாரையும் போலத்தான், இன்னும் சொன்னால் எல்லாரையும்விட மோசம். மேல் நூல் கட்டையிலிருந்து இறங்கி, கொக்கியில் நுழைந்து, தட்டுகளுக்கு நடுவே போய், கம்பியைச் சுற்றி, ஊசிக்கு வர வேண்டும். ஒரு கொக்கியை விட்டாலும் மெஷின் ஒத்துக்கொள்ளாது. கீழே பாபின் என்கிற குட்டி உருளையிலிருந்து இன்னொரு நூல் ஏறி வர வேண்டும். இரண்டும் தோலுக்கு நடுவில் சந்தித்துக் கை கோத்துக்கொள்ள வேண்டும். மேலே இழுப்பு அதிகமானால் கீழ்நூல் மேலே எட்டிப் பார்க்கும், குறைந்தால் அடியில் குருவிக்கூடு. கோமளாவுக்கு முதல் பத்து நாளும் குருவிக்கூடுதான். நூலைக் கண்டதும் அவள் விரல்கள் பழைய ஞாபகத்தில் முடிச்சுப் போடப் பறந்தன.

சோற்றுக் கிண்ணத்தோடு சுற்றி நின்று டெய்லர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"சாமி வந்த கைக்கு நூலு ஒத்துக்கலபோல" என்றாள் ஒருத்தி.

"முட்டை வெக்கக் குருவி எப்பக்கா வரும்?" என்றாள் ரெபேக்கா.

"வரும், வரும். வந்தா மொத முட்ட உனக்குத்தான்" என்றாள் கோமளா, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே. ஆனால் மறுநாள் ரெபேக்காதான் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, "காதால கேளுக்கா. நல்லா வர்றப்ப டக்குடக்குன்னு ஒரே மாதிரி கேக்கும். சத்தம் மாறினா உடனே கால எடுத்துடு, அப்புறம் பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் காட்டினாள்.

இருபதாம் நாள் குருவிக்கூடு நின்றது. முப்பதாம் நாள் வளைவில் தையல் நழுவாமல் போனது. அதற்குப் பிறகு ஃபர்ஹானா தைக்கக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிரிக்கக் கற்றுக்கொடுத்தாள். நாலு தையலுக்கு ஒரு தையலை பிளேடு நுனியால் வெட்ட வேண்டும். தோலில் கீறல் படக் கூடாது. பிறகு அடிநூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும். ஓட்டைகள் காலியாக நிற்கும். இப்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியை ஒவ்வொரு பழைய ஓட்டையிலும் இறக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பக்கத்தில் புது ஓட்டை விழும், வெளிச்சம் அதன் வழியே வரும், அந்தத் துண்டு குப்பைக்கு.

கோமளா தைத்தாள், பிரித்தாள், தைத்தாள், பிரித்தாள். ஒரே துண்டில் ஆறு முறை, ஒரே ஓட்டைகளில். வீட்டில் சோறு வடிக்கும்போதும் அவள் வலது கை காற்றில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. "அம்மா, கஞ்சி ஊத்துது" என்று இந்துஜா சொன்ன பிறகு நின்றது.

டெஸ்ட் நாள் வந்தது. ஒரு ஜோடி மேல்தோல், நாற்பது நிமிஷம், இரட்டை வரித் தையல். தாமோதரன் கையில் கடிகாரம் இருந்தது. ஃபர்ஹானா ரெஜிஸ்டரோடு ஜன்னல் பக்கம் நின்றாள். வேலை நேரம் என்பதால் வேறு யாரும் வரக் கூடாது, ஆனால் அன்று நிறையப் பேருக்குக் கதவு வழியாகத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது.

வலது கால் மேல்தோலைப் பதினேழு நிமிஷத்தில் முடித்தாள். இடது கால் மேல்தோலில் கடைசி இடமான முன்வளைவு வரும்போது சத்தம் மாறியது. அவள் உடனே காலை எடுத்தாள், ஆனாலும் தாமதமாகிவிட்டது. பாபினில் நூல் தீர்ந்து, கடைசி இரண்டு விரற்கடை தூரத்துக்கு அடிநூல் இல்லாமல் தைத்திருந்தாள். மேல்நூல் பிடிப்பின்றி வளைந்து வளைந்து கிடந்தது. பன்னிரண்டு நிமிஷம் மிச்சம்.

தாமோதரன் குனிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவள் தேற வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார்.

"ஏம்மா, நூல உருவிட்டு வெறும் ஊசிய ஓட்டிடு. தானா பிடிச்சிக்கும். அரை நிமிஷம் கூட ஆவாது. மேல நூலு இருக்கிற மாதிரி கொஞ்சம் ஒட்டிடலாம். நான் எழுத மாட்டேன்."

கோமளா ஃபர்ஹானாவைப் பார்த்தாள். ஃபர்ஹானா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பிளேடு குடுங்க சார்" என்றாள் கோமளா.

முதலில் பாபினை மாற்றினாள். அதற்கு முன்னால் தளர்ந்துபோன தையல்களையும் சேர்த்து நாலுக்கு ஒன்று வெட்டினாள். நூலை உருவினாள். இருபத்திரண்டு ஓட்டைகள் காலியாக நின்றன. அவள் இரண்டு கால்களையும் மிதியிலிருந்து எடுத்து ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி இறங்கியது, பழைய ஓட்டையைக் கண்டுபிடித்தது, ஏறியது. இடது கை தோலை ஒரு மயிரிழை நகர்த்தியது. ஊசி இறங்கியது. கதவருகே தண்ணீர் குடிக்க வந்தவர்கள் டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றார்கள். பீடி சுற்றிய விரல்கள், ஆயிரம் முடிச்சுக்கும் பதறாத விரல்கள், முடிச்சுப் போட அவசரப்படாமல் ஒவ்வொரு ஓட்டைக்கும் காத்திருந்தன. இருபத்திரண்டாவது ஓட்டையில் ஊசி ஏறி வந்தபோது தாமோதரன் கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. கோமளா நூலை வெட்டி, நுனியைத் தீயால் சுட்டு, எழுந்து நின்றாள்.

ஃபர்ஹானா இடது கால் மேல்தோலை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். முன்வளைவை வெயிலில் மெதுவாகத் திருப்பினாள். எங்கேயும் வெளிச்சம் வரவில்லை. பிரித்துத் தைத்த இடத்தில் மட்டும் நூல் ஒரு சாயல் தடிப்பாகத் தெரிந்தது.

அவள் ரெஜிஸ்டரில், 'தையல்: சரி. நூல்: சரி. பிரித்து மறுபடி தைத்தது' என்று எழுதினாள். பிறகு தன் கழுத்திலிருந்த கத்திரியைக் கழற்றிக் கோமளா கழுத்தில் போட்டாள். "வேற வாங்கி வெக்கல. தேறுவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்திச்சி" என்றாள்.

"எனக்கும்தான் மிஸ்" என்றாள் கோமளா.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் நடுவில் உட்கார்ந்தாள். டிரைவர் வழக்கத்தைவிட அதிகக் குழிகளில் வண்டியை இறக்கினார், எல்லாருக்கும் சத்தம் கேட்கட்டும் என்று. கோமளா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கொல்லை வரும்வரை முதுகு ஸீட்டில் படவே இல்லை. நூல் ஏஜென்ட் மறுவாரம் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார்.

நூலில்லாத தையல் அவளை விட்டுப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பைக்காரர் வந்தால், பர்ஸ் கிழிந்து யாராவது வந்தால், மறுபடி பிரிக்கத் தேவையில்லாத சாமான் என்று உறுதி செய்துகொண்டு அவள் தைத்துக் கொடுக்கிறாள். கம்பெனி ரெஜிஸ்டரில் ஸ்பெஷல் என்ற பத்தி இன்னும் இருக்கிறது, கீழே பெயர் இல்லாமல். தாமோதரன் அதை அழிக்கவில்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, டெஸ்டில் தேறியவள் தைத்த ஜோடிக்கு அடிப்பாகம் போட்டு அவள் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். அந்த ஜோடியோடு தாமோதரன் கண்ணாடிப் பெட்டியிலிருந்த நூலில்லாத சாம்பிள் ஜோடியையும் கொடுத்தனுப்பினார். சாம்பிளும் டெஸ்டும் எப்போதும் ஒரே அளவில்தான் தைப்பார்கள். அந்த அளவு இந்துஜாவின் கால்.

திங்கட்கிழமை காலை இரண்டு ஜோடியும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆறாம் வகுப்பு அன்று தொடங்கியது. பஸ்ஸுக்கு நின்ற பெண்களும், இலைக்கடைக்காரரும், அங்கன்வாடி ஆயாவும் நின்று பார்த்தார்கள்.

"நூலில்லாததப் போடு கண்ணு. உலகத்துல வேற ஒருத்தி கால்லயும் இருக்காது" என்றார் இலைக்கடைக்காரர்.

"அது பிரியவே பிரியாது. பத்தாவது வரைக்கும் வரும்" என்றாள் ஆயா.

"கால் வளராதா ஆயா?" என்றாள் ரெபேக்கா.

கோமளா டிபன் கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இந்துஜா இரண்டு ஜோடியையும் ஒவ்வொன்றாகப் போட்டு வேப்பமரம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பிறகு நூல் போட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.